அம்மாள் பங்கில் ரொக்கெட் துண்டு

கல்லடிக் கடற்கரையில் அண்ணனின் கரைவலையில் ரொக்கெட் துண்டு ஏறியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். கதவளவு வெள்ளைத் தகடு, ஓரமெல்லாம் கருகல். வலையில் மீன் சேரும் மடியைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. அண்ணனுக்கு இருந்தது அந்த ஒரு வலைதான்.

எங்கள் கரையில் வலையில் ஏறியது எதுவானாலும் பங்குதான். கயிறு இழுத்தவர்கள் இரும்பு அறுக்கும் வாளை எடுத்துத் தகட்டை அறுத்து, ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுபோனார்கள். முதல் பங்கு வழக்கம்போல அம்மாள் கோயிலுக்குப் போனது. எனக்கும் ஒன்று கிடைத்தது. அதன்மேல் பூச்சட்டி வைத்தேன்.

நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். விஷயத்தை அறிவித்ததும் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தனியார் கொம்பனி ஏவியதாக இருந்தாலும், அதற்கு அனுமதி கொடுத்த நாடு பதில் சொல்ல வேண்டுமாம். கிழிந்த வலைக்கு நட்டஈடு கேட்கலாமாம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் யாருடையது என்று நிரூபிக்கத் தகட்டிலுள்ள இலக்கம் முழுதாக வேண்டும், தான் மறுநாள் காலையே கொழும்புக்குப் புறப்பட வேண்டும் என்றார். நாங்கள்தான் கூறு போட்டுவிட்டோமே!

வீடு வீடாக ஓடினேன். ஒருவர் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டிருந்தார். ஒருத்தி அதில் கருவாடு காயவைத்திருந்தாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே தந்தார்கள். மணலில் பரப்பிப் பொருத்திப் பார்த்தேன். இலக்கத்தின் கடைசிப் பாதி மட்டும் இல்லை. அது அம்மாளின் பங்கில் இருந்தது.

கோயில் பூசை பார்க்கும் கப்புகனார் அதற்கு மஞ்சள் பூசி, பட்டுச் சுற்றி உள்ளே வைத்துவிட்டார். அம்மாளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் கதவைச் சாத்தினார். அவர்மேல் கோபம் வந்தது. அறுக்கும்போது பார்த்துக்கொண்டு நின்ற என்மேல் அதைவிட.

காலையில் அதிகாரி வாகனத்தில் ஏறப்போன நேரம், கப்புகனார் பட்டோடு அந்தத் துண்டைத் தலையில் சுமந்துகொண்டு கடற்கரைக்கு வந்தார். கிழிந்த வலைமடியோடு உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து நின்றார்.

“வலை இல்லாட்டி அம்மாளுக்கு இனிப் பங்கு எங்கால வரும், மகள்?” என்று என்னிடம் கேட்டுவிட்டு, துண்டை அதன் இடத்தில் வைத்தார்.

மஞ்சளைத் துடைத்தேன். இலக்கம் அழியாமல் இருந்தது. அதிகாரி எழுதிக்கொள்ள, அண்ணனுக்குக் கேட்கட்டும் என்று கத்தி வாசித்தேன்.