பத்து நிமிஷத்தில் வருகிற ஆனந்தராஜ்

திண்டிவனத்தில் எங்கள் கடையில் கூரை ஷீட் வாங்குகிறவர்களுக்குச் சரக்கைக் கொண்டுபோய் இறக்குவது ஆனந்தராஜின் குட்டியானை வண்டிதான். நாற்பத்தொரு வயது. குடிப்பதில்லை. ஷீட்டில் ஒரு கீறல் விழாமல் கட்டுவான். இறக்குகிற வீட்டில் வயசானவர்கள் தனியாக இருந்தால் கொல்லை வரைக்கும் தூக்கிவைத்துவிட்டுத்தான் திரும்புவான். அவனைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் போனில் ‘எங்க வர்றே?’ என்று கேட்டால் மட்டும் அவன் வாயில் உண்மை வராது.

எங்கள் கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே, "டோல்கேட் தாண்டிட்டேங்க, பத்து நிமிஷம்" என்பான். விக்கிரவாண்டி டோல்கேட் எங்கே, எங்கள் கடை எங்கே! அவன் மனைவி கலைமதி கூப்பிட்டாலும் இதே கதைதான். யாரையும் ஏமாற்ற வேண்டும் என்றில்லை. கேட்கிறவர் மனம் சுணங்கக்கூடாது, அவ்வளவுதான். அவன் பத்து நிமிஷம் என்றால் ஒன்றரை மணி நேரம் என்று நாங்களாகவே கூட்டிக்கொள்வோம். கலைமதி அதற்கு ஏற்ற மாதிரிதான் உலையே வைப்பாள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பொய் என்று நாங்கள் யாரும் அதற்குப் பேர் வைக்கவில்லை.

போன ஆவணியில், செஞ்சி தாண்டி இருக்கிற பனமலையிலிருந்து அன்புச்செல்வி என்ற பெண் ஷீட் வாங்க வந்தாள். கணவர் இருதயராஜ் கொத்தனார். ஊரார் வீட்டையெல்லாம் கட்டியவர், சொந்த வீட்டுக்கு அப்போதுதான் ஒரு சமையல்கட்டு எழுப்பியிருந்தார். மறுநாள் காலையில் அனுப்புகிறேன் என்று ஆனந்தராஜின் நம்பரைக் கொடுத்தேன். அவன் சொல்கிற நேரத்தோடு ஒன்றரை மணியைக் கூட்டிக்கொள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் கூப்பிட்டபோது ஆனந்தராஜ் கடை வாசலில் வண்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, எங்க வந்துக்கினு இருக்கீங்க?"

"மண்டகப்பட்டு வந்துட்டேம்மா. பத்து நிமிஷம்."

"ஜல்தியா வாங்கண்ணே" என்று அவள் வைத்துவிட்டாள்.

பனமலைக்குக் கிட்டத்தில் இருக்கிற மண்டகப்பட்டு எங்கே, எங்கள் கடை வாசல் எங்கே என்று நான் சிரித்தேன். அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இருதயராஜுக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணி, வலது கை தொங்கிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டு அந்தோணிசாமி 108-க்குப் போட போனை எடுத்திருக்கிறார். "வேணாம் மாமா, அது வர நேரமாவும். ஷீட்டு வண்டி மண்டகப்பட்டு வந்துடுச்சாம், அதுலயே ஏத்திக்கினு போயிடலாம்" என்று தடுத்தது அன்புச்செல்விதான். விஷயத்தைச் சொன்னால் வண்டி ஓட்டுகிறவர் பதறிவிடுவார், நேரில் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். இருபது நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். "ஊருக்குள்ள திரும்பிட்டேம்மா" என்றான். அப்போது அவன் செஞ்சிகூட வராமல் வல்லத்தில்தான் இருந்தான். மூன்றாவது முறை அவள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்ன பிறகுதான், "ஐயோ, நான் இன்னும் செஞ்சியே தாண்டலம்மா" என்று உண்மை வந்தது. அதற்கு அப்புறம்தான் 108-ஐக் கூப்பிட்டார்கள்.

இருதயராஜ் பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றாராம் டாக்டர். கரணை பிடித்துச் சுவர் பூசிய வலது கை இப்போது மடியில் சும்மா கிடக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் ஆனந்தராஜைக் கண்டபடி திட்டினேன். இனிமேல் பொய் சொல்வதில்லை என்று மயிலம் முருகன்மேல் சத்தியம் பண்ணினான். நாலாம் நாள் கலைமதி கூப்பிட்டாள். எங்கள் கடை வாசலில் நின்றுகொண்டு, "டோல்கேட் தாண்டிட்டேன்" என்றான். சொல்லி முடித்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"வேணும்னு சொல்லலண்ணே. நான் நெனைக்கிறதுக்கு முன்னாடி வாய் பேசிடுது" என்றான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நல்ல குணம் நெஞ்சுக்குள் பத்திரமாக இருக்கிறது, வாய் அதுபாட்டுக்கு எதையாவது பேசிவிட்டுப் போகட்டும் என்றுதான் நாங்கள் இருந்தோம். அப்படி உள்ளே தனியாக ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷமாகத் தினமும் செய்ததுதான் ஆனந்தராஜ். சத்தியம் நேற்று வந்த விருந்தாளி. ‘மண்டகப்பட்டு வந்துட்டேன்’ என்பதற்கு எங்களிடம் ஒரு அர்த்தமும் கிடையாது. அதை நம்பி ஒருத்தி ஆம்புலன்ஸை வேண்டாம் என்றாள், அப்போது அதற்கு அர்த்தம் வந்துவிட்டது.

சத்தியத்தை விட்டுவிட்டு அவன் வேறு வழி கண்டுபிடித்தான். போன் அடித்தால் வண்டியை ஓரங்கட்டுவான். எதிரில் தெரிகிற ஊர்ப் பலகையை வாய்விட்டுப் படிப்பான். "கூட்டேரிப்பட்டு." அதன் பிறகுதான் போனை எடுப்பான். வாய் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டால் உடனே பொய்க்குத் தாவாதாம். நாங்கள் கேலி பண்ணினோம். பார்ட்டிகள் எரிச்சல்பட்டார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்" என்று அவன் உள்ளதைச் சொன்னால், பழைய ஞாபகத்தில் இன்னொரு ஒன்றரை மணியைக் கூட்டிப் பார்த்து வேறு வண்டி பிடித்தார்கள். ஒருநாள் கலைமதி கடைக்கே வந்து அழுதாள். "ஒரே பேஜாரா இருக்குதுண்ணே. முன்ன மாதிரியே பேசச் சொல்லுங்க. நெசத்த சொல்லி இன்னா பிரயோஜனம், யாரு நம்புறாங்க?"

இருதயராஜைச் செவ்வாய்க்கிழமைதோறும் விழுப்புரத்துக்குக் கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போகட்டுமா என்று ஆனந்தராஜே போய்க் கேட்டான். இரண்டு முறை அன்புச்செல்வி கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை, "சொல்ற நேரத்துக்கு வர்றதா இருந்தா வாங்க" என்றாளாம். அப்படியும் அவனிடம் நேரம் கேட்க மாட்டாள். என் கடைக்குத்தான் போன் பண்ணுவாள்.

போன செவ்வாய் காலையில் கடையில் ஒரே கூட்டம். வாசலில் ஆனந்தராஜ் வண்டி டயர் பஞ்சராகி, அவன் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தான். என் போன் அடித்தது.

"அண்ணே, அவரு கெளம்பிட்டாருங்களா?"

"அப்பவே கெளம்பிட்டாரும்மா. இந்நேரம் வல்லம் தாண்டியிருப்பாரு."

ஆணியை எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஆனந்தராஜ் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினான்.

"இல்லம்மா. நான் இன்னும் திண்டிவனத்துலதான் இருக்கேன். டயரு பஞ்சர். வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவும்."

அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "அப்ப 108-க்குப் போட்டுர்றேண்ணே. காலைலேர்ந்து அவருக்குப் பேச்சு கொழறுது. வண்டிதான் வந்துடுமேன்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

இந்த முறை ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அது சாயங்காலம்தான் தெரிந்தது. அதுவரைக்கும் நான் கல்லாவில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆனந்தராஜ் அப்போதே போனை என் முன்னால் வைத்துவிட்டு டயரைக் கழற்றப் போனான். அவனை நான் திட்டியதில் பாதியாவது அவன் திருப்பித் திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.