பேட்டரிக்கு வைத்த பொட்டு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடி இடித்தால் ரேடியோ ஒயரைப் பிடுங்கிப் போடுகிறவன். ஃபெரியில் காரை ஏற்றினால், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பவன். பினாங்கில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபத்தெட்டு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தேன். ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை.

எனக்கு வாய்த்த மனைவிக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது. தினமும் விடிந்ததும் ஃபெரி பிடித்துப் பட்டர்வொர்த்தில் இறங்கி, பஸ் ஏறி மாக் மண்டினுக்குப் போவாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் அவள் சூப்பர்வைசர். அந்தப் பக்கம் குடியிருந்த ஓர் ஆஸ்திரேலியக் குடும்பம் நாடு திரும்பும்போது, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்னக் கேரவன் ஒன்றை விற்றுவிட்டுப் போனது. அதை வாங்கியது அவள்தான். என்னிடம் சொன்னது வாங்கிய பிறகு. இரண்டு படுக்கை, ஒரு மேசை, ஒரு விசிறி, ஒரு விளக்கு. எங்களுக்கு எதற்கு இந்த வெட்டி வேலை என்று குதித்தேன். மகளுக்காக என்றாள். அதற்கு மேல் நான் வாய் திறக்க முடியாது.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஏழு வயது. பிறந்த வருஷத்திலிருந்தே இளைப்பு. நெஞ்சு கட்டிக்கொண்டால் மருந்தைப் புகையாக்கி மூக்கில் அனுப்புகிற சின்ன மெஷினைப் போட வேண்டும். பதினைந்து நிமிஷம் அது ஓடினால் பிள்ளை மூச்சு விடுவாள். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நினைக்கவே மாட்டேன், அதாவது எந்த நேரமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். மெஷின் பேட்டரியில் ஓடுகிற வகை. அது கையில் இருந்தால் பிள்ளையை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொன்னார். எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பது அதைவிட நல்லது என்பது என் கட்சி.

முதல் தடவை பாலிக் புலாவ் தாண்டி, மேற்குக் கடற்கரையில் ஒரு சவுக்குத் தோப்பில் போய் நிறுத்தினோம். கேரவனுக்கு அப்போது சொந்த பேட்டரி கிடையாது. காரிலிருந்து ஒயர் இழுத்து எல்லாவற்றையும் ஓட்டினோம். விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் காலையில் பிள்ளைக்கு இளைப்பு வந்தது. மெஷினைப் போட்டோம். நாலு நிமிஷம் ஓடியது. பிறகு அதன் சத்தம் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிட்டது. காரைக் கிளப்பினால் காரும் கிளம்பவில்லை. இருந்த ஒரு பேட்டரியை விசிறியே குடித்துத் தீர்த்திருந்தது. வலை காய வைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர்கள் மூன்று பேர் ஓடிவந்து, மணலில் முட்டுக்கொடுத்துத் தள்ளிக் காரைக் கிளப்பிவிட்டார்கள். அந்த அரை மணி நேரம் பிள்ளையின் கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்ததை, இன்றைக்கும் சோறு பிசையும்போது திடீரென்று நினைத்துக்கொள்வேன். கை அப்படியே நின்றுவிடும்.

கேரவனை விற்றுவிடலாம் என்றேன். பேட்டரியைப் பெரிதாக்கலாம் என்றாள் அவள். அவளுடைய தம்பிக்கு மாக் மண்டினில்தான் ஒரு பட்டறையில் வேலை, கார் லாரிகளுக்கு ஒயர் வேலை செய்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, லாரிக்குப் போடுகிற பெரிய பேட்டரிகள் இரண்டை இறக்கினான். காரின் பேட்டரி இனி காருக்கு மட்டும், இந்த இரண்டும் கேரவனுக்கு மட்டும், நடுவில் பிரித்துவிட ஒரு சுவிட்ச். மூன்று நாள் தாங்கும் என்றான். மெஷின் ஒயரில் பேட்டரியைக் கவ்வுகிற பழைய கிளிப்புகளை வெட்டிவிட்டு, கேரவன் சுவரில் செருகுவதற்கு ஒரு பிளக்கும் போட்டுக் கொடுத்தான்.

எல்லாம் சரி, அந்த இரண்டு பேட்டரிகளையும் எங்கே வைத்தான் என்று பாருங்கள். என் மகள் படுக்கிற கட்டிலுக்கு அடியில். ஏனடா என்று கத்தினேன். கனம் சக்கரத்துக்கு மேலே இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பாலிக் புலாவ் வளைவுகளில் கேரவன் வால் ஆட்டுமாம். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் என் வயிற்றுக்குள் இறங்கவில்லை. அதற்கு ஆபத்தே கிடையாதா என்று கேட்டேன்.

"மச்சான், கிட்ட நெருப்பு மட்டும் கொண்டு வராதீங்க. சார்ஜ் ஏறும்போது கேஸ் வரும், இந்த டியூப் வழியா வெளியே போயிரும். மத்தபடி அது பாட்டுக்கு இருக்கும் லா," என்றான்.

அவன் கேஸ் என்று சொன்னதோடு என் தூக்கம் போனது. பிள்ளைக்குக் கீழே அமிலம், அமிலத்துக்கு மேலே கேஸ். இதோடு மூன்று நாள் போய்த் தங்க வேண்டும்.

இரண்டாம் தடவை புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பூஜை போட்டேன். வண்டியில் புதுசாக எதைப் போட்டாலும் பூஜை போடாமல் நாங்கள் யாரும் சாலையில் ஏற்ற மாட்டோம். கார் சக்கரங்களுக்கு நாலு, கேரவனுக்கு இரண்டு, ஆக ஆறு எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்தேன். சூடத்தை மட்டும் வாசலிலேயே காட்டிவிட்டு, அணைந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே போனேன். அவ்வளவு கவனம் எனக்கு. பிறகு கட்டில் பலகையைத் தூக்கினேன். பேட்டரிகள் இரண்டும் கறுப்பாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் வரிசையாக ஆறு மூடிகள், ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை. பொட்டு வைக்க அடையாளம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. நானே உரைத்த சந்தனம், நல்ல கெட்டி. பன்னிரண்டு மூடிக்கும் பன்னிரண்டு பொட்டு, நடுவில் குங்குமம். என் பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அந்தக் கறுப்புப் பெட்டிகளிடம் வாய்விட்டே சொன்னேன். மிச்சச் சந்தனத்தைப் பிள்ளையின் நெற்றியில் வைத்தேன். மனசு கொஞ்சம் லேசாயிற்று.

அதே சவுக்குத் தோப்பில் போய் நிறுத்தினோம். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் பகலில், மைத்துனன் கொடுத்தனுப்பிய சின்ன ஜெனரேட்டரை ஓட்டி, சார்ஜரை மாட்டி, பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தோம். மனைவி வெளியே தார்ப்பாய்க்கு அடியில் சமைத்துக்கொண்டிருந்தாள். கடலில் ஆடிவிட்டு வந்த பிள்ளையைத் தூங்கச் சொன்னேன். கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, அது சரியாக மூடாத இடுக்கில் துண்டை வேறு திணித்தேன்.

"அப்பா, கொஞ்சம் தொறந்து விடுங்களேன். கடல் சத்தம் கேக்கும்," என்றாள்.

காற்று பட்டால் இளைப்பு வரும், பேசாமல் படு என்று அதட்டினேன். படுத்தாள். நான் வாசற்படியில் காவல் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் இருக்கும். அழுகின முட்டை நாற்றம் வந்தது. காலையில் செய்த முட்டைச் சம்பல்தான் கெட்டுப் போயிருக்கும் என்று நினைத்து, அதைக் கொட்டச் சொல்லி மனைவியை அதட்டினேன். கொட்டி ரொம்ப நேரமாகிறது என்றாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து உஸ் என்று மெல்லிய சத்தம், நடுநடுவே ஏதோ பலகை நெளிகிற சத்தம். அதற்கு மேலே என் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள்.

ஐயோ! எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. கட்டில் ஓரப் பலகையை நீக்கினேன். ஒரு பேட்டரியின் பக்கச் சுவர் வயிறு ஊதின மாதிரி வீங்கியிருந்தது. சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டால் நின்றுவிடும் என்று தோன்றியது. கிளிப்பில் கை வைத்தேன்.

"கிளிப்பத் தொடாதீங்க. பொறி பறக்கும். பிள்ளையத் தூக்குங்க," என்றாள் மனைவி. கதவருகே நின்றிருந்தாள். கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் அவள் என்னிடம் அதுவரை பேசியதில்லை.

கையை எடுத்தேன். பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். மனைவி ஓடிப்போய் அடுப்பை அணைத்து, ஜெனரேட்டரை நிறுத்தினாள். நான் சவுக்கு மரத்தடிக்குப் போய்ச் சேருவதற்குள் உள்ளே டப் என்று ஒரு சத்தம். பேட்டரியின் மூலை விண்டுவிட்டது. நெருப்பு வரவில்லை. நான் மட்டும் அந்தக் கிளிப்பைப் பிடுங்கியிருந்தால் என்று ஆரம்பித்து, இன்றுவரை அந்த நினைப்பை முடிக்க முடிந்ததில்லை.

ஆபத்து போயிற்று என்று மணலில் உட்கார்ந்தேன். மடியில் இருந்த பிள்ளை இருமினாள். அந்த நாற்றத்தைத் தூக்கத்தில் எவ்வளவு நேரம் உள்ளே இழுத்தாளோ. இரண்டு நிமிஷத்தில் விசில் சத்தம் வந்துவிட்டது. மருந்துத் தண்ணீரைக் கொடுத்தோம், அது வேலை செய்ய நேரமாகும். மெஷினோ உள்ளே. அதன் பிளக் கேரவன் சுவருக்கு மட்டுமே பொருந்தும். கேஸ் நிறைந்த இடத்தில் பிளக்கைச் செருகினால் பொறி. காரை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றால், ஆஸ்பத்திரிக்கு மலை வளைவுகள் எல்லாம் ஏறி இறங்க வேண்டும். அவள் கழுத்துக் குழி உள்ளே போக ஆரம்பித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன், வெட்கமில்லை.

மனைவி கதவு ஜன்னல் எல்லாவற்றையும் விரியத் திறந்தாள். நான் திணித்த துண்டை உருவி வீசினாள். காற்று போகட்டும் என்று வெளியே நின்றாள். எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் மோந்து பார்த்துவிட்டுக் கையில் ஸ்பேனரோடு உள்ளே போனாள். விண்டதையும் நல்லதையும் தனித்தனியாகக் கழற்றிவிட்டாள். பிறகு மெஷினோடு வெளியே வந்து பிள்ளையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

"நல்லது ஒண்ணு இருக்கு. காரோடதத் தொட வேணாம், ஆஸ்பத்திரிக்கு ஓட அது வேணும். வெளிய தூக்கிட்டு வாங்க. என்னால தூக்க முடியாது," என்றாள்.

பேட்டரியை நான் தொட்டதே பொட்டு வைத்த அந்த ஒரு நாள்தான். அதுவும் விரல் நுனியால். போனேன். கயிற்றுப் பிடியில் கை கொடுத்துத் தூக்கினேன், வரவில்லை. கட்டிப்பிடித்துத் தூக்கினேன். வயிற்றில் சுட்டது. அதுவும் லேசாக வீங்கித்தான் இருந்தது. என் மூக்குக்கு நேர் கீழே ஆறு சந்தனப் பொட்டு, காய்ந்து இறுகி, துளை தெரியாமல் அடைத்துக்கொண்டு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேட்டரியை விட்டு கேஸ் வெளியே வருகிற வழி அந்தத் துளைதான், டியூப்புக்குப் போவது அதற்குப் பிறகுதான். அதைத்தான் நான் பன்னிரண்டு இடத்தில் பூசி மெழுகியிருக்கிறேன். வெடித்தால் என் நெஞ்சில் வெடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். வாழ்நாளில் தைரியமாக நினைத்தது அது ஒன்றுதான், அதுவும் வேறு வழியில்லாமல்.

மணலில் இறக்கி வைத்தேன். மனைவி பொட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மூடிகள் மேல் ஈரத்துணியைப் போட்டு ஒவ்வொன்றாகத் திருகினாள். ஒவ்வொன்றும் உஸ் என்று விட்டது. கழற்றிய மூடிகளைக் கொண்டை ஊசியால் குத்திச் சந்தனத்தை எடுத்துத் திரும்ப மாட்டினாள். மெஷின் ஒயரிலிருந்து பிளக்கை அறுத்தெறிந்து, பல்லால் ஒயரை உரித்து, பேட்டரி முனைகளில் சுற்றினாள்.

மெஷின் உறுமியது. புகை வந்தது. மெஷினின் முகமூடியைப் பிள்ளை முகத்தில் பிடித்துக்கொண்டு, சத்தம் இழுக்கிறதா, இழுக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நாலு நிமிஷம் தாண்டியது. பத்து தாண்டியது. இழுக்கவே இல்லை. பதினைந்தாவது நிமிஷம் அவள் என் கையைத் தள்ளிவிட்டு, பசிக்கிறது என்றாள்.

அமிலம் பட்டு என் சட்டையெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் போனது மறுநாள் துவைக்கும்போதுதான் தெரிந்தது. மைத்துனனிடம், பேட்டரி ஒன்று பழுது என்று மட்டும் மனைவி சொன்னாள். எதனால் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மாக் மண்டின் முழுக்கச் சிரித்திருக்கும்.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் மூட்டை கட்டினேன். நல்ல பேட்டரி ஒன்று போதும், விசிறி வேண்டாம், மெஷினுக்கு மட்டும் என்று சொல்லி மனைவி மூட்டையைப் பிரித்தாள். விண்டதை வெளியே தள்ளி, அமிலம் சிந்திய இடத்தைக் கழுவினோம். நல்ல பேட்டரி கேரவனுக்கு வெளியே ஒரு பலகையில் உட்கார்ந்தது. அவள் பையிலிருந்து என் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, என்னிடம் நீட்டினாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வைக்கணும்னா பக்கவாட்டுல வைங்க. மூச்சு விடுற எடத்துல வைக்காதீங்க," என்றாள்.

பக்கவாட்டில் ஒன்று வைத்தேன். அது கோணலாகப் போனது.

பொழுது சாயும் நேரத்தில் பிள்ளை கட்டிலில் ஏறிப் படுத்தாள். மூலையில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் போனேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை கேட்கவில்லை. கேட்டால் அப்பா அதட்டுவார் என்று தெரியும். துண்டை என் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலை முழுசாகத் திறந்தேன். கடல் சத்தம் உள்ளே வந்தது. அவள் தூங்கும்வரை என் கை ஜன்னல் கொக்கிக்குப் போய்ப் போய் வந்தது. மூடவில்லை.