தோளேறிய மூட்டைகள்

பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர் மெத்தைக்காரர். ஆனால் ஆற்றங்கரைத் தெருவில் சொந்த உழைப்பில் எழுந்த பட்டறை அவருடையது ஒன்றுதான். மற்றவையெல்லாம் அப்பன் வைத்துவிட்டுப் போனவை. ஆற்றின் மேல் அவரைப் போலக் கண்வைத்தவனும் அங்கே கிடையாது. பாலத்துத் தூணில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தினமும் ஊசியைத் தொடுவார்.

அன்று மதியம் ஒலிபெருக்கி வண்டி வந்தது. அணையைத் திறந்துவிட்டார்கள், இருட்டுவதற்குள் தெருவுக்குள் தண்ணீர் வரும் என்று அறிவித்துவிட்டுப் போனது. அந்த வருஷத்துப் பஞ்சு முழுவதும் கீழ்த்தளத்தில்தான் கிடந்தது. மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று மனைவி கெஞ்சினாள். போன மழைக்குப் பிறகு தன் கையாலேயே மணல் அள்ளிக் கட்டிவைத்த மூட்டைகள் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும்போது என்ன பயம் என்று அவளை அடக்கினார்.

மூட்டைகளை வாசலில் அடுக்க மச்சினன் வந்தான். கொத்து வேலைக்காரன். மெத்தைக்காரர் தோளுக்கு ஒன்றாக இரண்டிரண்டு தூக்கினார்.

"பாத்துக்கோ மாப்ளே. இந்த வயசுலயும் உடம்பு எப்படி இருக்குன்னு."

மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு என்ன மச்சான், இரும்பு" என்றான்.

தண்ணீர் வந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து, வாத்துக்கூட்டம் போல மிதந்து உள்ளே வந்தன. ஒன்று ஆணியில் கிழிந்து மரத்தூளைக் கக்கியது. பின்னாலேயே சாக்கடையும் செத்த எலியும் மலமும். பஞ்சுப் பொதிகள் அத்தனையையும் குடித்து உப்பிக் கறுத்தன. 

மணல் எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. போன கோடையில் மச்சினன் தன் வீட்டுக் குளியலறைக்குப் பூச்சு பூசியபோது, நேர்த்தி என்று மெச்சிவிட்டு வந்தவரே அவர்தான்.

படியின் மேலே நின்றபடி மச்சினன் சொன்னான்: "தண்ணி வராதுன்னு நெனச்சேன் மச்சான். மூட்டை ஒண்ணுகூடக் குறையாமத்தானே கட்டி வெச்சேன்."

சொல்லிவிட்டு, ஏறி வரக் கை நீட்டினான்.

இடுப்பளவு கழிவில் நின்ற மெத்தைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். உடம்பு கூசியது. பிசுபிசுவென்று சாக்கடை வழிந்த சுவரைப் பற்றிக்கொண்டு, வழுக்கி வழுக்கி, தானே ஏறினார்.