ஜுரம் வராத ஊசி

அந்த நீலப் பெட்டியின் குளிர்ச்சி இன்னும் என் இடுப்பில் இருக்கிறது…

தடுப்பூசி மருந்து எடுத்துப் போகும் பெட்டி. உள்ளே சுற்றிலும் ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் வந்து ஜில்லென்று இடிக்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நர்ஸ் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளிமலையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அங்கிருந்து மேலே ஒரு சின்ன ஊருக்கு இரண்டு மணி நேர நடை. கள்ளக்குறிச்சியில் வளர்ந்தவளுக்கு மலை ஏறிப் பழக்கமா என்ன? மூச்சு வாங்கும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. அந்த வாயால் வந்த வினைதான் இந்தக் கதை.

முதல் தடவை போனபோது அம்மாக்கள் யாரும் குழந்தையைக் காட்டவே இல்லை.

"ஊசி போட்டா புள்ளைக்கு ஜுரம் வருதுங்க. அப்புறம் யாரு கொல்லக்காட்டு வேலைக்குப் போறது?"

நியாயமான கேள்விதான். நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய புத்திசாலி மாதிரி எல்லோர் முன்னாடியும் சொன்னேன்: "ஜுரம் வந்தா பயப்படாதீங்க. மருந்து உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். எல்லோரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஒன்பது குழந்தைகள். ஜுரத்துக்கு மருந்து கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்றும் சொல்லிவிட்டு, உலகத்தையே ஜெயித்த மாதிரி இறங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் காலை. அறை வாசலில், அந்த ஒன்பது அம்மாக்களில் ஒருத்தியான அலமேலு அக்கா நிற்கிறாள். தோளில் தூளி, தூளிக்குள் ஒன்றரை மாதப் பெண் குழந்தை. இரண்டு மணி நேரம் இறங்கி வந்த வியர்வை, அதற்கு மேல் கோபம்.

"இன்னா நர்சம்மா, எம்பொண்ணுக்கு மட்டும் தண்ணி ஊசி போட்டுட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மத்த புள்ளைங்களுக்கெல்லாம் நல்லா ஜுரம் வந்துச்சு. 'எம்புள்ளைக்கு எப்டி சுட்டுது தெரியுமா'ன்னு பெருமை பேசிக்கினு இருக்காளுங்க. இதுக்கு ஒன்னுமே வரல. சிரிச்சிக்கினு கெடக்குது. வேற ஊசி போடுங்க."

முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

அவளுடைய மூத்த பையனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது கக்குவான் இருமல் வந்திருக்கிறது. இருமி இருமி முகம் நீலமாகி, மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் தவித்திருக்கிறான். பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. இந்தப் பெண்ணுக்கு அது வரக்கூடாது என்றுதான் ஊரில் முதல் ஆளாகக் குழந்தையை நீட்டினாள். ஊசி வீணாகிவிட்டதோ என்ற பயம்தான் அவளை அவ்வளவு தூரம் இறக்கிக் கொண்டுவந்திருக்கிறது.

"ஜுரம் வரலன்னாலும் மருந்து வேலை செய்யும்க்கா."

"நீங்கதான சொன்னீங்க, ஜுரம் வந்தாதான் வேலை செய்யுதுன்னு?"

ஒப்புக்கொண்டேன். "நான் பாதிதான் சொன்னேன்க்கா. தப்பு என்னோடதுதான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அத்த என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அங்க வந்து சொல்லுங்க. இல்லன்னா அடுத்த ஊசிக்கு ஒருத்தியும் வர மாட்டா."

அவள் சொன்னது சரி. குழந்தைக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி. அதை விட்டால் முதல் ஊசி போட்டதற்கே முழுப் பலன் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

மேலே போய், எல்லோர் முன்னாடியும் என் தப்பைச் சொன்னேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. அதற்குள் யாரோ வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைத்ததும் கொண்டுவந்து வைத்தார்கள். பசியில் தொட்டுச் சாப்பிட்டேன். அம்மாடி… கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகிறது. அலமேலு அக்காவும் அதே மிளகாயைத் தொட்டுச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"ஏண்டி, பாருங்கடி. நர்சம்மாவுக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. எனக்கு வரல. அதுக்குன்னு நான் மொளகா துன்னலன்னு ஆயிடுமா?"

ஊரே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். நான் அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அவள் ஒரு மிளகாயில் முடித்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஒன்பது குழந்தைகளும் வந்தன. அதற்கடுத்த மாதமும். தடுப்பூசி அட்டையில் டிக் போடும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இப்போது அந்த ஊருக்கு ரோடு வந்துவிட்டது. மருந்துப் பெட்டி வண்டியில் போகிறது. எந்தத் தேதியில் எந்த ஊசி என்று போனுக்கே மெசேஜ் வருகிறது. நானும் கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி ரொம்ப வருஷம் ஆகிறது. மலை ஏற முழங்காலும் விடாது.

போன வாரம் ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பெயர் செல்வி. ஊசி போட்டுவிட்டு, "ஜுரம் வந்தாலும் வரும்மா…" என்று ஆரம்பித்தேன்.

"வரலன்னாலும் வேல செய்யும். தெரியும்ங்க. எங்கம்மா மொளகா கதைய சொல்லிக்கினே இருக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். தூளிக்குள் சிரித்துக்கொண்டு கிடந்த அதே குழந்தை. இப்போது அவள் மடியில் ஒரு குழந்தை. என் போன் நம்பரை அவள் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் மெசேஜ். 'ஜுரம் வரலீங்க.' பக்கத்தில் ஒரு மிளகாய் படம்.

இதே சேதியைச் சொல்ல அன்றைக்கு அவள் அம்மா இரண்டு மணி நேரம் மலையிறங்கி வந்தாள்…

பதில் போட்டேன். 'அடுத்த ஊசிக்கு நானே வண்டியில மேல வர்றேன். அம்மாகிட்ட கிழங்கு வேகவைக்கச் சொல்லும்மா. மிளகாயைக் குறைக்க வேண்டாம்.'