மலிகா மீல்மேக்கருக்கு மாறிய வரலாறு

தண்டையார்பேட்டை மலிகாவுக்கு ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு குறையும் இருந்ததில்லை. கணவர் அமீருதீன் துறைமுகக் குடோனில் சூப்பர்வைசர். வீட்டில் அவருக்கு மேல் மலிகா. குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பிரியாணிக்குத் தம் போடும் உரிமை இருபது வருடமாக அவளுடையது. அந்த ஆட்சிக்கு ஆபத்து இரத்தப் பரிசோதனை வடிவில் வந்தது. கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்திரண்டு.

"மாதவிடாய் நின்ன பிறகு பெண்களும் இதயத்தைக் கவனிக்கணும்," என்றார் டாக்டர் யசோதரா. "கறிக்குப் பதிலா சோயா சாப்பிடுங்க, மீல்மேக்கர். மந்திரமெல்லாம் இல்ல, கொஞ்சம் இறக்கும். மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

சேதி நாத்தனார் இஷ்ரத்துக்கு எட்டியது. "நம்பர் எறங்கலைன்னா ரெஸ்ட் எடு அண்ணி. ஏழு மாசத்துல உன் பொண்ணு உஸ்மா நிக்காஹ். நான் தம் போட்டுக்கறேன்."

"நீ போட்டா மாப்ள வூட்டுல ரசம் சோறுன்னு நெனச்சுப்பாங்க," என்றாள் மலிகா.

அன்று முதல் தினமும் மீல்மேக்கர். நனைந்த அட்டைப்பெட்டியைக் கடிப்பது போலிருந்தது. மூன்றாம் நாள் அவளுடைய கைப்பக்குவம் விழித்துக்கொண்டது. வெந்நீரில் ஊறவைக்காமல், மற்றவர்களுக்காகக் கொதித்த நெஞ்செலும்பு சூப்பில் ஊறவைத்தாள். மேலே மிதந்த கொழுப்பில் ஒரு கரண்டி கூடுதலாக, இதயத்தின் நலன் கருதி. கறித்துண்டை மட்டும் விரலாலும் தொடவில்லை.

மூன்று மாதத் தவத்தின் பலன்: நூற்று எழுபத்தெட்டு.

"எப்படிச் சமைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்க, மலிகா பெருமையோடு ஒப்பித்தாள். டாக்டர் பேனாவை மூடினார்.

"அது பஞ்சு மாதிரிம்மா. ஆட்டுக் கொழுப்பைப் பூரா அதைக் குடிக்க வெச்சு, அதை நீங்க சாப்பிட்டிருக்கீங்க."

"கறியத் தொடல டாக்டரம்மா."

"இதுக்குக் கறியே தேவலாம்."

அடுத்த மூன்று மாதம் வெறும் வெந்நீர், பிழிந்தெடுத்து இஞ்சி, மிளகு, கைநிறைய புதினா. மாலையில் அமீருதீனை இழுத்துக்கொண்டு நடை. நூற்று நாற்பத்தொன்பது. புகழில் சோயாவுக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, தியாகம் செய்த சூப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல டாக்டராலும் முடியவில்லை.

நிக்காஹ் அன்று பிரியாணிக்குத் தம் போட்டதும் உடைத்ததும் மலிகாதான். இஷ்ரத் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டாள். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா, மலிகாவின் தட்டருகே இருந்த சின்னக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னா, தனியா வெச்சுகினு துன்றீங்க? எங்களுக்கு இல்லியா?"

மலிகா மீல்மேக்கர் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.