தேரன்று அப்பாவுக்கு நான் போட்ட ஊசி

அப்பா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீடு தேடி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவர்களின் ஒரே மகள் எழுதுவது.

அப்பா வன்னியம்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, வயலிலும் பாடுபட்டுப் பள்ளிக்கும் போய், காவல் துறையில் சேர்ந்தார்கள். ஆடிப்பூரத் தேருக்கு எத்தனையோ வருடம் பந்தோபஸ்து நின்றவர்கள், ஒரு தடவைகூட வடம் பிடித்ததில்லை. "ரிட்டையர் ஆகிட்டு இழுப்போம்" என்பார்கள். அம்மா காலமானதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வருவார்கள் என்று மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன். அப்பா இராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். அங்கே மதினி இருந்தார்கள். மதினிக்கு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வை வேலை. பெட்டியில் ஒரு சுருள் குறைந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

ஓய்வு பெற்ற மறுவருடம் அப்பா ஒரே மாதத்தில் பாதியாக இளைத்தார்கள். எல்லோருக்கும் வருகிற சர்க்கரைதானே என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மயங்கி விழுந்து மதுரையில் சேர்த்த பிறகுதான், இது முதல் வகை, பெரும்பாலும் சின்ன வயதில் வருவது, அபூர்வமாக இந்த வயதிலும் வரும், இனி இன்சுலின் இல்லாமல் முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வாரமும் கூடவே இருந்தது நான். பேனா ஊசியை முதலில் பழகியதும் நான்தான். இதை நான் எழுதி வைக்காவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

டிஸ்சார்ஜ் ஆனதும் கார் இராஜபாளையத்துக்குத்தான் போனது. மதினி தினமும் நான்கு தடவை விரலில் குத்திப் பார்த்து, நோட்டில் எழுதி, டாக்டரிடம் கேட்டுக் கேட்டு அளவை மாற்றினார்கள். ஊசி ஆரம்பித்த பிறகு கணையம் கொஞ்ச காலம் தானாகவும் வேலை செய்யும், அப்போது இன்சுலின் தேவை இறங்கும், பிறகு ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். என்னிடமும் சொல்லியிருப்பார், நான் காது கொடுத்திருக்க மாட்டேன். நான் போன் செய்தால் அப்பா, "ஊசி நேரம் தாயி, ஒங்க மதினி கூப்பிடுது, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும். பொறாமைதான். கௌரவமான வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்த வருடத் தேருக்கு அப்பா என் வீட்டுக்கு வந்தார்கள். பையில் பேனா ஊசியோடு மதினி கைப்பட எழுதிய சீட்டு இருந்தது: காலையில் எட்டு யூனிட், உடனே சாப்பாடு. மதுரையில் டாக்டர் என்னிடம் சொன்னதோ பதினெட்டு. பெற்ற மகளுக்குத் தெரியாதது இவர்களுக்கு என்ன தெரியும், மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்து வைத்திருக்கிறார்களே என்று கோபம் வந்தது. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க மனம் வரவில்லை. பதினெட்டு யூனிட் போட்டேன். அப்பா நான்கு இட்லி சாப்பிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடம் பிடிக்கக் கிளம்பினார்கள்.

ரத வீதியில் தேர் கொஞ்ச தூரம்தான் நகர்ந்திருக்கும். அப்பாவுக்குக் கை நடுங்கியது, சட்டை நனைய வியர்த்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சு குழறியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சர்பத் கடை அக்கா ஒருவர், "சர்க்கரைக்காரவியளா? எங்க வீட்லயும் இப்பிடித்தான் வரும், தள்ளுங்க" என்று தம்ளரில் சீனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். சிறிது நேரத்தில் அப்பாவுக்குக் கண் தெளிந்தது.

"எம்புட்டுப் போட்ட?"

"ஆஸ்பத்திரில சொன்ன அளவுப்பா."

அப்பா தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு, "ஒங்க மதினிகிட்டச் சொல்லாத. வருத்தப்படும்" என்றார்கள். அன்று மாலை மதினியிடம் போனில், "தேர் இழுக்குற ஜோருல சாப்பிட மறந்துட்டேம்மா" என்று பொய் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டதும் அப்பாதான். என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது என்று எனக்கு உறைக்கவில்லை. உயிர் போய் வந்த நேரத்திலும் மதினியின் வருத்தம்தானா பெரிசு என்று எரிந்தது.

டாக்டர் சொன்னபடியே பிறகு அளவு ஏறியது. மதினி பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். ஒரு நாள்கூட அப்பா மறுபடி மயங்கியதில்லை. சென்ற ஆண்டு ஒரு காலைச் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள் எழவில்லை. மதினி கையைப் பிடித்திருந்தார்கள். நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அதிலும் மதினிதான் முந்திக்கொண்டார்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட அந்த சர்பத் கடை அக்காவுக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மதினியிடம் படிக்கக் கொடுத்தேன். மேலே பதினெட்டு யூனிட் போட்டேன் என்று இருக்குமிடத்தில் நான் பதினாறு என்றுதான் எழுதியிருந்தேன். வெட்கத்தில் இரண்டைக் குறைத்திருந்தேன். மதினி அதை அடித்துப் பதினெட்டு என்று எழுதினார்கள்.

"அந்தப் பேனா ஊசி தீரும்போது கணக்குல பத்து யூனிட் இடிச்சுச்சு. அப்பவே தெரியும்."

"ஏன் மதினி ஒரு வார்த்த கேக்கல?"

"மாமா மறைக்கணும்னு நெனச்சாவ. நான் எப்பிடிக் கேக்க?"

முதல் வரியில் 'ஒரே மகள்' என்று எழுதியிருக்கிறேன். அதையும் அடிப்பார்களோ என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மட்டும் மதினி தொடவில்லை.