சிவப்பு அம்பு

போன வாரம் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஸ்டெல்லா, செய்தித்தாளும் கையுமாகப் படி இறங்கி ஓடி வந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பார்ப்பவர்.

“அண்ணா, அவனுங்களுக்கு ஃபைன் போட்டுட்டாங்க!”

‘அவனுங்க’ யார் என்று சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் அவரது கம்பெனி, தொழிலாளர்களின் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றியது. கார்டு வரும்வரை ஆளுக்கொரு தற்காலிகக் கடிதம். அந்த இடைவெளியில்தானா ஸ்டெல்லாவின் கணவர் சேகருக்குப் பித்தப்பையில் கல் வர வேண்டும்? வலியில் துடித்துப்போனார் மனிதர். வேலூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். இன்சூரன்ஸிலிருந்து பதில் வந்தது – கார்டு வந்த பிறகுதான் கவர்!

அப்படியானால் அந்தக் கடிதம் எதற்கு? விசிறிக்கொள்ளவா?

கஸ்டமர் கேருக்கு போன் செய்தால் பாட்டு... பாட்டு முடிந்தால் லைன் கட். மாத்திரை கொடுத்து சேகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க அவர் முனகுவதைக் கேட்டு ஸ்டெல்லா பயந்துபோயிருந்தார்.

ஷூவில் தையல் பிசகியிருந்தால் ஃபைனல் செக்கர் வாயைத் திறப்பதில்லை. அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, மறுபடி சரிசெய்ய ரீவொர்க்குக்குத் தள்ளிவிடுவார். ஸ்டெல்லாவும் அதையே செய்தார். தற்காலிகக் கடிதத்தில் ‘முதல் நாளிலிருந்தே கவர் உண்டு’ என்ற வரிக்கு ஓர் அம்பு. மறுப்புக் கடிதத்தில் ‘கவர் இல்லை’ என்ற வரிக்கு இன்னொன்று. இரண்டையும் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்பப் போகிறேன் என்றார்.

நான் சிரித்தேன். “ஸ்டிக்கர் ஒட்டினா புகார் ஆயிடுமாம்மா? நாலு பக்கம் எழுத வேணாமா?”

“இன்னாத்துக்குண்ணா எழுதணும்? தப்பு எங்கன்னு காட்டினா போதாதா?”

போதும் போலிருக்கிறது. சில நாட்களிலேயே இன்சூரன்ஸ் நிறுவனம் இறங்கி வந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. சேகர் இப்போது பிரியாணிக் கடைப் பக்கம் வாசனை பிடிக்கப் போய்வருகிறார். வருடக்கணக்காகப் பக்கம் பக்கமாக எழுதிவரும் எனக்கு – மறைப்பானேன் – கொஞ்சம் பொறாமைதான்.

ஆணையம் தோண்டியதில், அதே இன்சூரன்ஸ் நிறுவனம் வேறு கம்பெனித் தொழிலாளர்களுக்கும் இதையே செய்திருந்தது தெரிந்தது. அதனால்தான் அபராதம். ஆனால் அதில் ஸ்டெல்லாவுக்கு ஒரு பைசாகூடக் கிடைக்காது. வருத்தமில்லையா என்று கேட்டேன்.

“எங்க வூட்டுக்காரர் எழுந்து நடக்கிறாரே, அது போதும்ணா.”

சொல்லிவிட்டு, செய்தித்தாளுக்குள்ளிருந்து ஒரு தபால் உறையை எடுத்தார். இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பிய மன்னிப்புக் கடிதம்! பிரித்தால், அடியில் பளிச்சென்று ஒரு சிவப்பு அம்பு.

“கையெழுத்தே போடலண்ணா. திருப்பி அனுப்பப் போறேன்... ரீவொர்க்!”